ஆற்றில் வந்த சூன் பாண்

“போட்டுக்கு ஹோன் எங்க?” என்று கேட்டார் ரை கட்டிய மனிதர்.

றொபி தன் போட்டை அன்றுதான் முதன்முதலாகக் காண்பவர்போல முன்னிருந்து பின்வரை பார்த்தார்.

“ஹோன் என்ட வாய்தான், மாத்தயா. நான் கத்தினா அக்கரைக்குக் கேக்கும்.”

ரை கட்டியவர் பைலில் எழுதினார். சிங்களவர். மாத்தயா என்றால் அவர்கள் மொழியில் ஐயா. தமிழைக் கல் பொறுக்குவதுபோல ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிப் பேசினார்.

“லைட்?”

“நிலா இருக்கு.”

“நிலா இல்லாத நாளில?”

“எனக்கு ஆறு மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு ஓடுவன்.”

அதையும் எழுதினார்.

“லைஃப் ஜக்கெட்?”

“எனக்கு நீந்தத் தெரியும்.”

“ஏறி வாற ஆக்களுக்கு?”

“அவங்களுக்கு நான் இருக்கிறன்தானே.”

“ஓடக்குள்ள போன் கதைக்கிறதா?”

“ஒரு கையில போன், ஒரு கையில என்ஜின். பழக்கம்தான்.”

“ஸ்பீட்? அக்கரைக்கு எத்தினை நிமிசம்?”

இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் றொபிக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். “மத்தவங்க இருபத்தஞ்சு நிமிசம். நான் ஒம்பது!” என்றார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கற்பிட்டிப் பக்கத்தில் களப்பு ஒடுங்கிக் கடலைப் போய்ச் சேரும் அந்த இடத்தை ஊரார் ஆறு என்றே சொல்வார்கள். பொழுது பட்டால் கண்டிச் சந்தியைவிட அங்கே நெருக்கடி. கடலுக்குப் போகிற போட்டுகள் ஒரு பக்கம், நண்டு வலை போடுகிற வள்ளங்கள் ஒரு பக்கம், றால் பண்ணைக்குப் போகிறவர்கள், கலியாண வீட்டுக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே தண்ணீர். போன வாரம் இருட்டில் இரண்டு போட்டுகள் முட்டிக்கொண்டதில் ஒருவருக்குக் கை முறிந்தது. அதற்குப் பிறகு ஒலிபெருக்கி கட்டி அறிவித்தார்கள்: வேகமாக ஓடுகிற, விளக்கில்லாத போட்டுகளின் பாஸ் பறிக்கப்படும்.

ஒலிபெருக்கிக்கு றொபி பயப்படவில்லை. ஆனால் இன்று காலை அவருடைய மனைவி அனஸ்தாசியா, “இண்டைக்கு ஒரு மாத்தயா வருவார். கேக்கிறதுக்கு மறைக்காமப் பதில் சொல்லுங்க” என்றாள். “எந்த மாத்தயா?” என்று கேட்பதற்குள் கறி அடிப்பிடிக்கிறது என்று உள்ளே போய்விட்டாள். இப்போது மாத்தயா வந்து நிற்கிறார். கழுத்தில் ரை. பொலிஸ்காரனுக்குக்கூட ரை இல்லை.

வந்தவுடன் அவர் ஒரு சிறிய அட்டையையும் நீட்டினார். கண்ணாடி இல்லாமல் றொபிக்கு அவ்வளவு சிறிய எழுத்துத் தெரியாது. பணிவாக வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்தார். அந்தச் சட்டை அன்று மாலையே தோய்க்கப்பட்டது.

“சிகரெட்? சாராயம்? சீனி வருத்தம்?” மாத்தயா அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

“போட் ஓட்டுறதுக்குச் சீனியும் பாப்பீங்களா?”

“எல்லாம் பாக்கத்தான் வேணும்.”

சாரதி லைசன்சுக்கே மெடிக்கல் கேட்கிறார்கள், இதற்குக் கேட்காமல் இருப்பார்களா என்று றொபி தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார். “சீனி இல்ல. சாராயம் பெருநாளுக்கு மட்டும்.”

“சரி. எனக்கு வந்த லெட்டரில ராவு ஓட்டம்தான் பயம் எண்டு எழுதியிருக்கு. புதன்கிழமை ராவு நானும் உங்களோட அக்கரைக்கு வாறன். பாத்திட்டுத்தான் ரிப்போட். இப்பிடியே எண்டா ரிஸ்க் கூட. பாஸ் ஆகாது.”

“லெட்டரா? ஆர் எழுதினது?”

“அது சொல்ல ஏலாது” என்று பைலை மூடினார் மாத்தயா.

பெட்டிசம்! றொபிக்கு விளங்கிவிட்டது. எவனோ அவர்மேல் புகார் எழுதிப் பெட்டிசம் அடித்துவிட்டான்.

பாஸ் போவது மற்ற நேரமாக இருந்தால் ஒரு மாதம் வலை பொத்திக்கொண்டு இருந்துவிடுவார். ஆனால் மகள் நிலானி அக்கரையில் கட்டிக் கொடுத்தவள், பிள்ளை பெறும் மாதம் இது. ஆஸ்பத்திரி இக்கரையில். அவளுக்கு இரவில் வயிற்று நோவு கண்டால் ஆற்றைக் கடந்து கொண்டுவர றொபியின் போட்தான். ரோட்டைச் சுற்றி வருவதென்றால் மூன்று மணித்தியாலம். அதில் பாதி ரோட்டே இல்லை.

“ஆரோ பெட்டிசம் போட்டிருக்கிறான்” என்றார் வீட்டுக்கு வந்து.

அனஸ்தாசியா றால் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. “அப்பிடியா?”

“முத்தலிபாத்தான் இருக்கும். போன வருசம் என்ட போட் அலையில அவன்ட பாண் தட்டெல்லாம் நனைஞ்சது.”

“சும்மா ஒரு மனுசரைக் குறை சொல்லாதீங்க.”

“பின்ன ஆரு?”

“உங்கட உயிரில அக்கறை உள்ள ஆரோ.”

“எனக்கு அப்பிடி ஒரு எதிரியும் இல்லையே!”

அன்று பின்னேரம் நிலானி போனில் வந்தாள். றொபி விசயத்தைச் சொன்னார்.

“நல்லதுதானே அப்பா” என்றாள் அவள். “நீங்க ஒம்பது நிமிசத்தில கொண்டு போனா எனக்கு நடு ஆத்திலேயே பிள்ளை பிறக்கும். இருபத்தஞ்சு நிமிசம் எண்டா வாறன். இல்லாட்டி நான் ரோட்டால போறன்.”

“மூணு மணித்தியாலமா?”

“உங்களோட ஒம்பது நிமிசத்தைவிட அது நல்லம்.”

பெற்ற மகளே இப்படிச் சொன்ன பிறகு றொபி வைராக்கியம் கொண்டார். புதன்கிழமைக்குள் மாத்தயா கேட்ட அத்தனையும் போட்டில் இருக்க வேண்டும்.

முதலில் விளக்கு. இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை என்று அவருக்குத் தெரியும். கோயில் பெருநாளுக்குக் கட்டி மிஞ்சிய பல்புகளைக் கேட்டு வாங்கி வந்தார். போட்டைக் கரையில் ஏற்றி, அதன் மூக்குக்கு நேரே மணலில் நின்று, தன் இடக் கைப் பக்கம் சிவப்பையும் வலக் கைப் பக்கம் பச்சையையும் பூட்டினார். பெருநாள்போலவே இருந்தது.

இருட்டியதும் வெள்ளோட்டம் விட்டார். எதிரே ஹிஸ்புல்லாவின் மீன்பிடிப் போட் வந்தது. நேரே வந்தது. விலகவே இல்லை.

“டேய் றொபி!” என்று ஹிஸ்புல்லா இருட்டுக்குள்ளிருந்து கத்தினார். “நீ வாரியா, போறியா?”

“வாறன்!”

“லைட் போறதாத்தானே காட்டுது!”

“வாறன் எண்டு சொல்றன்தானே!”

“நான் ஒன்ட பேச்சக் கேக்கவா, லைட்டக் கேக்கவா?”

கடைசி நேரத்தில் ஹிஸ்புல்லா போட்டை வெட்டித் திருப்பினார். திருப்பின போட் யாருடையதோ நண்டு வலைக்குள் போய்ச் சிக்கியது. இருவரும் ஒரு மணித்தியாலம் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை கழற்றினார்கள்.

“போட்டுக்குள்ள நிண்டு மூக்கப் பாத்துத்தான் இடம் வலம் செல்லணும்” என்று ஹிஸ்புல்லா விளக்கினார். “நீ கரையில நிண்டு செஞ்சிருக்காய். எல்லாம் மாறிப்போச்சி.” விளக்கிவிட்டு, மறுநாள் துறை முழுக்கச் சொல்லியும் வைத்தார்: “றொபி இப்ப ரிவேசுல ஓடுறான்.”

றொபி பல்புகளை மாற்றிப் பூட்டினார்.

அடுத்தது ஜக்கெட். டொல்பின் பார்க்க வெளிநாட்டுக்காரரை ஏற்றிப் போகும் ரிஃபாஸிடம் இரவல் கேட்டார். பெரியவர்களின் ஜக்கெட் எல்லாம் வேலையில் இருந்தன. பிள்ளைகளுடையதுதான் இருந்தது, மஞ்சள் நிறம், நெஞ்சில் சிரிக்கிற டொல்பின். ஆறு ஜக்கெட் எடுத்து வந்தார். தான் ஒன்றைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தார்.

“எப்பிடி இருக்கு?”

அனஸ்தாசியா வெகுநேரம் பார்த்தாள். “கோயிலில முதல் நன்மை எடுக்கப் போற பிள்ளை மாதிரி இருக்கு” என்றாள்.

இனி ஹோன். கற்பிட்டிக் கடைகளில் போட் ஹோன் முடிந்துவிட்டது. ஒலிபெருக்கியில் அறிவித்த அன்றைக்கே எல்லாரும் வாங்கிவிட்டார்கள். புதன்கிழமை பின்னேரம் ஆயிற்று. கடைசியில், போகக் கூடாது என்று நினைத்த இடத்துக்கே போனார்.

முத்தலிபு நானாவுக்குப் பள்ளிவாசல்துறைப் பக்கம் பேக்கரி. முச்சக்கரவண்டியில் கண்ணாடிப் பெட்டி கட்டி, பாட்டுப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் பாண் விற்பார். அந்தப் பாட்டு எங்கே கேட்டாலும் ஆட்கள் பையோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். நாடு முழுக்க அதற்குச் சூன் பாண் என்று பெயர்.

“நானா, ஒரு ஹோன் வேணும்.”

“ஒனக்கா? கரையில நிக்கிற என்ட பாண நனச்சிட்டு ஒரு சொரி செல்லாமப் போன ஒனக்கா?”

“அதுக்காக நீங்க பெட்டிசம் போடலாமா?”

முத்தலிபு நானா மாக் கையை இடுப்பில் ஊன்றினார். “பெட்டிசமா? நான் ஒன்னப் பத்தி எழுதத் தொடங்கினா அது லெட்டராவா ஈக்கும்? கொப்பி புத்தகம் ரெண்டு வேணும்.”

அதில் ஒரு நியாயம் இருப்பதாக றொபிக்குப் பட்டது. மகளின் விசயத்தைச் சொன்னார். முத்தலிபு நானாவின் முகம் மாறியது.

“நிலானிப் புள்ளைக்கா? அத மொதல்ல செல்லாம நிண்டு கதைக்கிறியே!” உள்ளே போய், பழைய வண்டியில் கழற்றிய ஹோனைக் கொண்டு வந்தார். “இந்தா. அமத்தினா பாட்டு வரும். நிப்பாட்டத்தான் கொஞ்சம் கஷ்டம். சில நேரம் நிக்கும், சில நேரம் அதுக்கு மனசு வரணும்.”

“பாட்டா? சும்மா பாம் பாம் எண்டு சத்தம் வராதா?”

“பாண்காரன்கிட்ட வந்து கப்பல் ஹோன் கேக்கிறியே!” என்றபடி ஒரு பேப்பர் பையையும் நீட்டினார். உள்ளே சீனி தூவிய கிம்புலா பணிஸ் இரண்டு. கிம்புலா என்றால் சிங்களத்தில் முதலை. பணிசும் அதே வடிவில் வாலோடு நீண்டு கிடக்கும். “புள்ளைக்குக் குடு. இப்ப எல்லாருக்கும் இந்தக் கிம்புலாதான் வேணும். பாண ஒருத்தரும் கேக்கிறாங்க இல்ல.”

அன்று இரவு ஏழரைக்கு மாத்தயா வந்தார். நிலா இல்லை. சிவப்பும் பச்சையும் சரியான பக்கத்தில் எரிந்தன. மாத்தயாவின் ரைக்கு மேல் சிரிக்கிற டொல்பினைக் கட்டிவிட்டார் றொபி. அது அவருக்கு நெஞ்சுக்குழிவரைதான் வந்தது. கடைசியாகத் தன் போனை மாத்தயா பார்க்கும்படி உயர்த்திக் காட்டி, இரண்டு பொலித்தீன் பைகளில் சுற்றி, பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

“ஓடக்குள்ள போன் இல்ல, மாத்தயா.”

மாத்தயா குறித்துக்கொண்டார்.

போட் புறப்பட்டது. நாற்பது குதிரை என்ஜின் அவ்வளவு மெதுவாக ஓடி அறியாதது. இருமி இருமி ஓடியது. கண்டல் மரங்கள் மறைக்கும் முதல் வளைவு வந்தது. வளைவில் ஹோன் அடிக்க வேண்டும். றொபி அமத்தினார்.

ஆறு முழுக்கப் பாட்டுக் கேட்டது.

“இது என்ன?” என்றார் மாத்தயா.

“ஹோன், மாத்தயா.”

“சூன் பாண்தானே?”

“சத்தம் சூன் பாண். வேலை ஹோன்.”

வளைவு முடிந்தது. பாட்டு முடியவில்லை. றொபி சுவிச்சைத் திருப்பினார், அழுத்தினார், தட்டினார். பாட்டு முதலில் இருந்து தொடங்கியது. இடக் கரையில் ஒரு கதவு திறந்தது. பிறகு நான்கு கதவுகள். டோர்ச் வெளிச்சங்கள் தண்ணீரை நோக்கி ஓடி வந்தன.

“பாண்! பாண்! இங்கால வாங்க!”

“எனக்கு ரெண்டு றாத்தல்!”

“என்ன வாப்பா, இப்ப ஆத்தாலயும் வாரீங்களா?”

கரையோர வீட்டு ஜுனைதா ராத்தாவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. “கிம்புலா ஈக்கா? கிம்புலா! கிம்புலா!”

மாத்தயா எழுந்து நின்றார். “கிம்புலா? எங்க?”

“கரையில இருந்து கேக்கிறாங்க, மாத்தயா.”

“கரையில இருந்து பாக்கிறாங்களா? கிட்டவா?”

“பாக்கிறதில்ல, கேக்கிறாங்க. பணிஸ்.”

“நாலு கிம்புலா!” என்று கத்தினார் ஜுனைதா ராத்தா. “நல்ல பெரிசா நாலு!”

“நாலு!” மாத்தயா போட்டின் நடுப் பலகையில் ஏறி நின்றார்.

“சின்னப் புள்ளைக்கு ஒரு கிம்புலா குடுங்க! அழுவுது!”

மாத்தயாவுக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழ் அந்த நேரத்தில்தான் அவரைக் கைவிட்டது. “புள்ளையைக் கிம்புலாவுக்குக் குடுக்கச் சொல்றாங்களா? ஐயோ! ஓட்டு! வேகமா ஓட்டு! ஒம்பது நிமிசம் எண்டு சொன்னதுதானே! இப்ப ஓட்டு!”

றொபியின் கை என்ஜின் பிடிக்குப் போனது. பாதியில் நின்றது. அவருக்கு ஒன்று விளங்கியது. வேகத்தைக் கண்டுபிடிக்க வந்த மாத்தயா, தானே வேகமாக ஓடச் சொல்கிறார். இதுதான் சோதினை!

“இல்ல, மாத்தயா” என்றார் தெளிவாக. “ராவில, ஆத்துக்குள்ள, நான் வேகமா ஓட மாட்டன்.”

“நான் சொல்றன், ஓட்டு!”

“நீங்க சொல்லுவீங்க. நான் விழ மாட்டன்.”

“நான் ரிப்போட்டில நல்லா எழுதுறன்!”

“அதுக்காகத்தான் ஓட மாட்டன்.” இன்னும் கொஞ்சம் குறைத்தார்.

“நீ என்ன மனுசன்!” மாத்தயாவுக்கு அழுகையே வந்துவிட்டது. “எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளைகள் இருக்கு!”

“எனக்கும் ஒண்டு இருக்கு. அதாலதான்.”

அப்படியே ஊர்ந்து நடு ஆற்றுக்கு வந்தார்கள். பாட்டு ஏழாவது தடவையாகத் தொடங்கியது. அப்போது முன்விளக்கின் சிவப்பும் பச்சையும் கலந்த மங்கல் வெளிச்சத்தில், தண்ணீரோடு தண்ணீராக, நீளமாக, கறுப்பாக ஏதோ குறுக்கே கிடந்தது.

“கிம்புலா!” என்று வீரிட்டார் மாத்தயா.

றொபி என்ஜினை நிறுத்திப் பின்னுக்குப் போட்டார். போட் சிணுங்கிக்கொண்டு நின்றது. கையை நீட்டினால் தொடலாம், அவ்வளவு கிட்ட.

இருட்டுக்குள் இருந்து களைத்துப்போன ஒரு குரல் வந்தது.

“அப்பா... நீங்க எப்ப இருந்து பாண் விக்கிறீங்க?”

றொபி எட்டிப் பார்த்தார். விளக்கில்லாத சின்ன வள்ளம். அதன் நடுவில் நிலானி, வயிற்றைப் பிடித்தபடி. பின்னால் மருமகன் கிளைட்டன், துடுப்போடு.

“மாமா! பதினொரு கோல் எடுத்தன்!” கிளைட்டனுக்கு மூச்சு வாங்கியது. “ஏன் போன் தூக்கல?”

“பையிக்குள்ள...” என்றார் றொபி.

“அஞ்சு மணிக்கே நோவு தொடங்கிட்டு. இண்டைக்கு வீட்டில சிக்னலும் இல்ல, ஆத்துக்குள்ள வந்துதான் கோல் போச்சு. அக்கரையில ஒரு போட்டும் இல்ல, எல்லாரும் தொழிலுக்குப் போயிட்டாங்க. பக்கத்து வீட்டு வள்ளத்தை எடுத்தன். லாம்பும் அணைஞ்சிட்டு. கரை எந்தப் பக்கம் எண்டே தெரியல. அப்பதான் சூன் பாண் சத்தம். பாண் வண்டி நிக்கிற இடம் ரோட்டுத்தானே எண்டு நேர அந்தச் சத்தத்துக்கு வலிச்சன்.”

ஒன்பது நிமிட வேகத்தில் வந்திருந்தால் என்று றொபி ஒரு கணம் நினைத்தார். நினைப்பை முடிக்க முடியவில்லை. அன்னம்மாளே, தாயே என்று வாய் மட்டும் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

மாத்தயாதான் முதலில் அசைந்தார். வள்ளத்தைக் கையால் பிடித்து இழுத்து, போட்டோடு அணைத்தார். நிலானியைத் தூக்கி ஏற்றினார்கள். மாத்தயா தன் டொல்பினைக் கழற்றி அவள் தலைக்கு வைத்தார். “பயப்பட வேணாம், துவ” என்றார். மகளே என்பதற்குச் சிங்களத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

வள்ளத்தைப் பின்னால் கட்டி, போட்டைத் திருப்பியதும் றொபியின் கை பழக்கத்தில் என்ஜின் பிடியை முறுக்கப் போனது. நிலானி அவருடைய சாரத்தை எட்டிப் பிடித்தாள்.

“அப்பா. நடு ஆத்திலயிருந்து பன்னிரண்டு நிமிசம். அதுக்குக் குறைய வேணாம்.”

“சரி மகள்.”

“மெதுவா” என்றார் மாத்தயாவும்.

“இப்ப நீங்களும் மெதுவா எண்டு சொல்றீங்களா?”

“இப்ப கிம்புலா இல்லைத்தானே!”

பாட்டு நிற்கவே இல்லை. ஆனால் அன்றைக்கு அதைப்போல ஒரு ஹோன் இலங்கையில் இருந்திருக்காது. எதிரே வந்த போட்டெல்லாம் பாண் வருகிறது என்று வேகத்தைக் குறைத்து ஒதுங்கின. கடலுக்குப் புறப்பட்டிருந்த ஹிஸ்புல்லா கிட்ட வந்து, “என்னடா இது, றொபி?” என்று கேட்டு, நிலானியைக் கண்டதும் வேறு ஒன்றும் கேட்காமல் முன்னால் போனார். வலைகள் கிடக்கும் இடமெல்லாம் டோர்ச் அடித்துக் காட்டிக்கொண்டே போனார். “இடப்பக்கம் வலை! பாத்து! வலப்பக்கம் கம்பு! பாத்து!”

துறையில் கூட்டமோ கூட்டம். பாண் வாங்க வந்தவர்கள் டோர்ச்சும் போனுமாகக் கரையைப் பகலாக்கி வைத்திருந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு ஒரு முச்சக்கரவண்டி, அதே பாட்டோடு, தண்ணீர் விளிம்புவரை வந்து நின்றது.

“ஆரடா என்ட ஏரியாவுல பாண் விக்கிறது!” முத்தலிபு நானா இறங்கி வந்தார். “ஆத்துல சூன் பாண் போவுதெண்டு ஒம்பது பேர் எனக்குப் போன் எடுக்கிறாங்க!”

அப்போதுதான் போட்டுக்குள் பார்த்தார்.

“யா அல்லாஹ்!” திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். “தட்டெல்லாத்தையும் எறக்குங்க! உள்ள ஈக்கிறத ஆளுக்காள் எடுத்துக்கங்க! வண்டி காலியாகணும், சுறுக்கா!”

அரை நிமிடத்தில் வண்டி காலியானது. ஜுனைதா ராத்தாவுக்கு நாலு கிம்புலாவும் கிடைத்தது. ஆனால் அவர் அதைப் பையோடு யாரிடமோ கொடுத்துவிட்டு, தன் முந்தானையால் நிலானியின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் பாண் இருந்த இடத்தில் நிலானியைச் சாய்த்து வைத்தார்கள். கிளைட்டன் ஒரு பக்கம் தொங்கினான். றொபி முன் சீற்றில் முத்தலிபு நானாவோடு ஒண்டிக்கொண்டார்.

“நானா,” என்றார் றொபி, பிறந்ததில் இருந்து சொல்லாத ஒரு சொல்லை. “மெதுவாப் போங்க.”

முத்தலிபு நானா அவரைத் திரும்பிப் பார்த்தார். “நாளைக்கு மழதான்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். மாத்தயாவையும் பைலையும் யாரோ மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் பின்னால் அனுப்பினார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து இருபது நிமிடத்தில் பெண் பிள்ளை பிறந்தது. மூன்று கிலோ. தாயும் சுகம், பிள்ளையும் சுகம். நேர்ஸ் வெளியே வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அம்மாட தலைமயிர் முழுக்க ஏன் சீனி?”

“அது கிம்புலா” என்றான் கிளைட்டன். நேர்ஸ் இரண்டடி பின்னால் போனார்.

அனஸ்தாசியா வந்து சேர்ந்தபோது றொபி வராந்தா வாங்கில் உட்கார்ந்திருந்தார். டொல்பின் ஜக்கெட்டை இன்னும் கழற்றவில்லை. கிளைட்டன் மாமியாருக்கு நடந்ததெல்லாம் சொன்னான். வள்ளம் குறுக்கே வந்ததையும், போட் ஒரு கை தூரத்தில் நின்றதையும் இரண்டு தடவை சொன்னான். அவள் கேட்டு முடித்துவிட்டு, கணவனின் தலையில் கை வைத்தாள். கலியாணம் கட்டி இருபத்தாறு வருடத்தில் ஆட்கள் முன்னால் அவள் அப்படிச் செய்தது அன்றைக்குத்தான்.

“ரெண்டு உயிர், அனஸ்தாசியா” என்றார் றொபி. கண் கலங்கிவிட்டது. “இல்ல, மூணு. நான் பழைய மாதிரி வந்திருந்தா, என்ட கையாலயே...”

“வரல்லத்தானே. விடுங்க.”

“முத்தலிபு நானாக்கு நான் என்ன செய்யப் போறன்? ஹிஸ்புல்லாக்கு? அந்த மாத்தயா, பாவம், முதலைப் பயத்திலயும் வள்ளத்தைக் கையால பிடிச்சார். எல்லாத்துக்கும் மேல அந்தப் பெட்டிசம் போட்டவன். அவன் மட்டும் அந்த லெட்டரை எழுதாட்டி எனக்கு லைட்டும் இல்ல, ஹோனும் இல்ல, இண்டைக்கு எனக்குப் பிள்ளையும் இல்ல. ஆரெண்டு தெரிஞ்சா அவன்ட காலில விழுவன்.”

அனஸ்தாசியா சுவரைப் பார்த்தாள். “தலவிலைக் கோயிலுக்குப் போய் அன்னம்மாள்ட காலில விழுங்க. அது போதும்” என்றாள்.

பிறகு எழுந்து வராந்தாவின் அந்தப் பக்கத்துக்குப் போனாள். அங்கே மாத்தயா நனைந்த பைலைக் காற்றாடிக்குக் கீழே விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னாள். மாத்தயா தலையாட்டினார், சிரித்தார், ஒரு தாளை எடுத்துக் குறுக்கே கோடு கீறினார். அனஸ்தாசியா பேத்தியைப் பார்க்க உள்ளே போய்விட்டாள்.

கோடு கீறினதை றொபி கண்டுவிட்டார். ஓடிப் போய் அவர் முன்னால் நின்றார்.

“மாத்தயா, உண்மையைச் சொல்லுங்க. பாஸ் இல்லையா?”

“பாஸ்தான். நான் நல்லாத்தான் எழுதின.”

“பின்ன ஏன் வெட்டினீங்க?”

மாத்தயா பைலை மூடி, றொபியின் நெஞ்சில் இருந்த டொல்பினைத் தட்டிக் கொடுத்தார்.

“லெட்டர் போட்ட உங்கட நோனா அனஸ்தாசியாதான் இப்ப வந்து, ‘மனுசன் மெதுவா ஓடப் பழகிட்டார், இனி இப்போதைக்குச் சாக மாட்டார், அந்த லைஃப் இன்சூரன்ஸ் தேவையில்ல’ எண்டு கான்சல் பண்ணிட்டுப் போறா.”